பன்னீர் தெளித்த பச்சைத் துணி

பன்னீர் வாசனை வந்தால் எனக்குக் குமட்டும். கல்யாண மண்டபத்து வாசலில், சந்தனக் கிண்ணத்துக்கும் கற்கண்டுத் தட்டுக்கும் பக்கத்தில், யாராவது செம்பைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி நின்றால் நான் பின்வாசலைத் தேடுவேன். சமையல்காரர்கள் என்னை இப்போது ஒன்றும் கேட்பதில்லை. காய்கறிக் குப்பையைத் தாண்டி, எச்சில் இலைத் தொட்டியைத் தாண்டித்தான் நான் கல்யாணங்களுக்குள் போகிறேன். எச்சில் இலை நாற்றம் பரவாயில்லை. அது தன்னை வேறொன்றாகச் சொல்லிக்கொள்வதில்லை.

காரணம் ஒரு விளையாட்டு. பெரம்பலூரில் நான் அறிந்த யாரும் கண்ணால் கண்டிராத விளையாட்டு. ஸ்னூக்கர் என்று பெயர். ஒரு சின்ன வீட்டின் கூடத்தையே அடைத்துவிடும் மேஜை, அதன்மேல் விறைப்பாக இழுத்து அடித்த பச்சைத் துணி, ஓரங்களில் குழிகள். வெள்ளைப் பந்தைக் கோலால் குத்தினால் அது போய்ச் சிவப்பையோ மஞ்சளையோ இடித்துக் குழிக்குள் தள்ள வேண்டும். இதை ஆடுவதே பிழைப்பாகக் கொண்ட வெளிநாட்டுக்காரர்கள் இருந்தார்கள். கழுத்தில் கறுப்பு வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு டை கட்டிக்கொண்டு, தேசம் தேசமாகப் போய் ஆடினார்கள்.

எண்பதுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு மாடியில், டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். விடிந்ததிலிருந்து தகரத்தை விரல்களால் அடிக்கிற சத்தம். எந்தப் பஸ் கிளம்பினாலும் அதில் நான் இல்லையே என்று தோன்றுகிற வயது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரியலூர் பஸ்ஸில் நான் இருப்பேன். அங்கிருந்து இன்னொரு பஸ், அப்புறம் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற பாதையில் நடை. அந்த நடையின் முடிவில் என் அக்கா வீடு.

அக்கா வீட்டுக்காரரை, என் மாமாவை, கீழப்பழுவூர்ப் பக்கத்து வயல்களிலிருந்து சிமெண்டு ஆலை இழுத்துக்கொண்டு வந்திருந்தது. அவருடைய அப்பாவும் அப்பாவின் அப்பாவும் அடுத்தவர் வயலில் குனிந்தவர்கள். இவர்தான் முதலில் நிமிர்ந்தார். மூட்டை ஏற்றப் போனவரை, உயரமாக இருக்கிறார், கை நடுங்காது என்று ஆபீசர்கள் கிளப்புக்கு மாற்றினார்கள். அங்கே அந்த மேஜை இருந்தது. மாமாதான் அதற்கு மார்க்கர். மார்க்கர் என்றால், ஆபீசர்கள் ஆட வரும்போது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சுவரோரம் நின்று, குழியில் விழுந்த பந்தை எடுத்து வைத்து, யாருக்கு எத்தனை என்று உரக்கச் சொல்கிறவர். அவர்கள் போனபின் துணியைத் தூரிகையால் நீவி, கனமான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, உறை போட்டு மூடுகிறவர். ஆட மட்டும் கூடாது. ஆறு வருஷமாக டெம்பரவரி. பெர்மனண்ட் ஆனால் காலனியில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். குவார்ட்டர்ஸில் குழாய் உண்டு. என் அக்கா லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று நின்று இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துபோனவள். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியதெல்லாம் அந்தக் குழாய்தான்.

அந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே எல்லாவற்றின் மேலும் ஒரு தூள் இருந்தது. கருவேல மரம் பச்சை என்பது மழை பெய்த மறுநாள்தான் தெரியும். சோற்றைப் பிசைந்தால் விரலிடுக்கில் நறநறக்கும். காறித் துப்பினால் சாம்பல் நிறத்தில் விழும். விழுந்த இடத்தில் அது காய்ந்து, கெட்டித்து, ஒரு பொத்தான் மாதிரி ஆகிவிடும். காலால் தட்டினால் உருண்டு ஓடும். மனிதனின் எச்சில்கூடக் கல்லாகிற ஊர். ஆபீசர்கள் கிளப்பில் கண்ணாடி ஜன்னல் இருந்தது, திரை இருந்தது, ஆனாலும் தூள் உள்ளே வந்துகொண்டேதான் இருந்தது.

பம்பாயில் அந்த வருஷம் ஒரு பெரிய போட்டி நடந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்து பல நாள் தங்கி ஆடினார்கள். கிளப்புக்கு வரும் இங்கிலீஷ் பேப்பரில் கடைசிப் பக்கத்து மூலையில் சேதி வரும். ஆபீசர்கள் படித்து முடித்து, அதன்மேல் டீ கிளாஸை வைத்து எடுத்து, பஜ்ஜி எண்ணெயை ஒற்றி எறிந்ததும், மாமா அந்தப் பக்கத்தை மட்டும் மடித்துப் பத்திரப்படுத்துவார். ஞாயிற்றுக்கிழமை நான் போனவுடன் செருப்பைக்கூடக் கழற்ற விடமாட்டார்.

"மாப்ளே, படிங்க. நம்மாளு என்ன பண்ணுனான்?"

நம்மாளுகள் இரண்டு பேர். பேப்பரில் வந்த புள்ளிப் புள்ளியான படத்தைப் பார்த்து நாங்களே பெயர் வைத்தோம். ஒருவர் நெட்டையன். இன்னொருவர் மூக்கன். நெட்டையன் எனக்கு, மூக்கன் மாமாவுக்கு. நான் இங்கிலீஷை வாய்க்குள் தமிழாக்கிச் சொல்லச் சொல்ல, மாமா தரையில் அந்த ஆட்டத்தை ஆடிக் காட்டுவார். சிவப்புப் பந்துகளுக்குப் பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம், நான் வாங்கி வந்தது. மஞ்சளுக்கு எலுமிச்சம்பழம். வெள்ளைக்கு ஒரு கோலிக்குண்டு. கோலுக்கு விளக்குமாற்றுக் குச்சி. ஒரு காலை மடக்கி, தாடையைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடி அவர் குறி பார்க்கும்போது மூச்சுச் சத்தம் நின்றுபோகும். குண்டு போய் வெங்காயத்தைத் தொடும். வெங்காயம் உருண்டு போய் அம்மிக்கு அடியில் விழும்.

"குழம்புக்கு வெங்காயம் வேணும், ரெண்டு பேரும் எந்திரிங்க" என்பாள் அக்கா. "வெள்ளைக்காரன் வூட்டுல அடுப்பு எரியுதோ இல்லையோ, என் வூட்டுல எரியணும்ல?"

என் வாழ்நாளில் சுத்தமாக இருந்த மாதம் அதுதான். எங்கோ ஒரு மேஜையில், தூளே இல்லாத ஒரு பச்சையில், பந்துகள் ஒன்றையொன்று தொட்டு விலகுகின்றன என்கிற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது. டைப்ரைட்டர்களின் தகரச் சத்தத்துக்கு நடுவே நான் நெட்டையனைத் தொடர்ந்துகொண்டிருந்தேன். அவர் ஜெயித்த சேதி படித்த அன்று நான் நிமிர்ந்து நடந்தேன். அவர் தடுமாறிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு பேரும் கடைசிவரை போகாமலே தோற்றார்கள். மூக்கன் முதலில், நெட்டையன் இரண்டு நாள் கழித்து. நான் பேப்பரைக் கசக்கப் போனேன். மாமா பிடுங்கிக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"எதுக்கு மாமா சிரிக்கிறீங்க? உங்க ஆளுந்தானே தோத்தான்?"

"தோத்தவன்தான் மாப்ளே நம்மூருக்கு வருவான். ஜெயிச்சவனுக்கு இங்க என்ன வேலை?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆலையின் முதலாளி மெட்ராஸ்காரர், அந்த ஆட்டத்தில் பைத்தியம். பம்பாயில் தோற்றுவிட்டுச் சும்மா இருந்த இரண்டு பேரையும் பேசி, தன் ஆலைகளில் எல்லாம் ஒரு காட்சி ஆட்டம் ஆடிவிட்டுப் போகச் சொல்லியிருந்தார். எங்கள் ஊரும் அதில் இருந்தது. மேனேஜர் மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "மேட்ச் நல்லபடியா முடியட்டும்ப்பா. முதலாளி முன்னாடியே உன் விஷயத்தைச் சொல்லிடறேன். இந்தத் தடவை விட்டா இனிமே எப்பன்னு தெரியாது."

அக்கா மறுநாளே காலனிக்குப் போய், காலியாகக் கிடந்த ஒரு குவார்ட்டர்ஸின் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். "காத்துதான் வருது. ஆனா வரும்போல இருக்குடா தம்பி" என்றாள்.

எனக்கும் உள்ளே இடம் கிடைத்தது. இங்கிலீஷ் தெரிந்த ஒருவன் கரும்பலகையில் ஸ்கோர் எழுத வேண்டும் என்று மாமா மேனேஜரிடம் சொல்லி வாங்கியிருந்தார். டைப்ரைட்டிங் கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, துவைத்த சட்டையோடு வந்து சேர்ந்தேன். கிளப் வாசலில் வாழைமரம், மாவிலை, ரேடியோ செட்காரர். காலனி ஜனம் ஜன்னல்களில் மூக்கை அழுத்தி நின்றது. கண்ணாடி முழுக்க மூச்சு.

சாயங்காலம் முதலாளியின் கார் வந்தது. நெட்டையன் இறங்கினார்.

நான் அவரைத் தொடர்ந்த அத்தனை நாளிலும் அவருக்கு உடம்பு இருக்கும் என்று நினைத்ததே இல்லை போலிருக்கிறது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கழுத்தெல்லாம் வேர்க்குரு, சிவந்து, சொறிந்து, நீர் கசிந்தது. வாயிலிருந்து பீர் நாற்றம். கண்கள் தூக்கமில்லாமல் வெந்தவை மாதிரி இருந்தன. பின்னால் இறங்கிய மூக்கன், எங்கள் தூளை ஒரு மூச்சு இழுத்ததும் கைக்குட்டையை எடுத்துச் சளியைச் சிந்தி, அதை ஒழுங்காக நாலாய் மடித்து, மறுபடி கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் ஒரு பெண்ணின் குரல் கேட்டது: "ச்சீ, எடுத்து வச்சுக்கிறான்டி. வூட்டுக்குக் கொண்டுபோவான் போல."

சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. என் மாதம் முழுக்க அந்தக் கைக்குட்டைக்குள் மடங்கிக் கிடப்பதுபோல் இருந்தது.

வரவேற்பு மேனேஜர் வீட்டு அம்மாவின் பொறுப்பு. கல்யாண வீட்டில் எப்படியோ அப்படி. சந்தனம், குங்குமம், ரோஜா மாலை, வெள்ளிப் பன்னீர்ச் செம்பு. செம்பு அவருடைய பிறந்த வீட்டுச் சீர். அவர் வந்த காரின் பின்சீட்டில் அது இருந்தது. மாமா ஓடிப்போய்க் கதவைத் திறந்து கையை நீட்டினார்.

"நீ தொட வேண்டாம்ப்பா. டிரைவர் எடுத்துட்டு வருவார்."

அந்த அம்மா கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. பிள்ளையிடம் சூடாக இருக்கிறது தொடாதே என்று சொல்வதுபோல் அத்தனை மென்மையாகச் சொன்னார். மாமா நீட்டிய கையை அப்படியே கொண்டுபோய்த் தன் வெள்ளைச் சட்டையில் எதையோ தட்டிவிடுவதுபோல் தட்டிக்கொண்டார். அவர் ஊர் எது, தெரு எது என்பது அந்தக் காலனியில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை.

உள்ளே, அந்த அம்மா முதலாளிக்குத் தெளித்தார். நெட்டையனுக்குத் தெளித்தார். அவர் தும்மிவிட்டு, நக்கிப் பார்த்து, இது குடிப்பதற்கா என்று கேட்டார். ஆபீசர்கள் எல்லாம் அதை வருஷத்தின் பெரிய ஜோக் மாதிரி குலுங்கினார்கள். அப்புறம் யாரோ, மேஜைக்கும் ஒரு பூஜை போட்டுவிடலாமே என்றார்கள். ஆயுத பூஜைக்கு லாரிக்கும் லேத்துக்கும் போடுவதுதானே? மேஜைக் கால்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். அந்த அம்மா செம்பைத் தூக்கி மேஜையின் நாலு மூலைக்கும் தெளித்தார். கை ஓடிவிட்டது. எல்லோரும் கைதட்டியதில் இன்னும் ஓடியது. வெங்காயத்துக்கு மருந்தடிப்பதுபோல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வீசி வீசித் தெளித்தார். பச்சைத் துணிமேல் முத்து முத்தாகத் துளிகள். நெட்டையன் மேஜையில் சாய்ந்தபடி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா மாப்ளே, பொண்ணழைக்கிற மாதிரில்ல இருக்கு" என்று என் காதில் சொன்னார்.

யாருக்கும் தோன்றவில்லை. மாமாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வருஷக்கணக்கில் அந்தத் துணியின் நூலுக்குள் போய் உட்கார்ந்திருந்தது என்ன தூள் என்று, சிமெண்டு ஆலையே நடத்துகிற அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மாமா துணியைத் தடவிப் பார்த்தார். "பிசுபிசுன்னு இருக்கு மாப்ளே. ஈரம்போல" என்று சொல்லி இஸ்திரிப் பெட்டியை நன்றாகச் சூடுபண்ணித் தேய்த்தார். ரோஜா வாசனை ஆவியாக எழுந்து அறையை நிறைத்தது. வெந்த பூவின் வாசனை. 

ஆட்டம் தொடங்கியது. முன்வரிசை சோபாவில் முதலாளி. பக்கத்தில் மேனேஜரும் அந்த அம்மாவும். நெட்டையன் குனிந்தார். அந்தக் குனிவு மட்டும் பேப்பரில் பார்த்த மாதிரியே இருந்தது. ஒரு கணம் எனக்குப் பழைய நெட்டையன் திரும்பக் கிடைத்தார். கோல் முன்னும் பின்னும் நகர்ந்து, குத்தியது. வெள்ளைப் பந்து சிவப்பைத் தேடிச் சத்தமில்லாமல் போனது. பாதி வழியில் ஒரு துள்ளு. தத்துக்கிளி மாதிரி ஒரு துள்ளு. தள்ளிப் போய்க் கட்டையில் மோதி நின்றது.

ஜன்னல் பக்கம் கைதட்டினார்கள். அதுதான் ஆட்டம் என்று நினைத்துவிட்டார்கள்.

அடுத்ததாக மூக்கன் குத்தினார். அதுவும் துள்ளியது. நெட்டையன் துணிமேல் உள்ளங்கையை ஓட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, நகத்தால் சுரண்டினார். வரவில்லை. மறுபடி சுரண்டிவிட்டு, இது துணியா உப்புத்தாளா என்று இங்கிலீஷில் கேட்டுச் சிரித்தார். முதலாளி எழுந்து வந்து தடவினார். துணி முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள், அம்மை வார்த்த முகம் மாதிரி. துளி விழுந்த இடமெல்லாம் கல்.

"யாரு இதுல தண்ணி ஊத்தினது?" என்றார் முதலாளி. மேஜைக்குத் தெளித்ததை அவர் பார்த்திருக்கவில்லை. பூஜையின்போது மெட்ராஸுக்கு டிரங்கால் பேச எழுந்து போயிருந்தார்.

 அந்த அம்மா தன் வளையல்களை ஒன்றொன்றாகத் தள்ளி எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தைய நாள் கைதட்டிய அத்தனை ஆபீசர்களும் மேஜைக் கால்களைப் பார்த்தார்கள். மேனேஜர் மட்டும் நிமிர்ந்து சுவரோரம் நின்ற மாமாவைப் பார்த்தார்.  பார்த்தார், அவ்வளவுதான். ஆறு வருஷமாக மாமாவுக்குத் தெரிந்த பார்வை அது: பந்தை எடுத்து வை என்கிற பார்வை.

நான் கரும்பலகையிலிருந்து திரும்பி வாயைத் திறந்தேன். மாமாவின் குதிகால் என் கால்விரல்கள்மேல் இறங்கியது. வலியில் என் சத்தம் உள்ளேயே போய்விட்டது. அதற்குள் அவர் முன்னால் போய்விட்டார்.

"நான்தாங்க ஐயா. கல்யாணத்துல தெளிக்கிற மாதிரி... பெரியவங்க வந்திருக்காங்களேன்னு... தெரியாமத் தெளிச்சுட்டேங்க."

சொல்லிக் காலில் விழுந்தார். நின்றால் யாரைவிடவும் உயரமான மனிதர் தரையோடு தரையாகக் கிடந்தார். வெங்காயத்தைக் குறிபார்க்கிறபோது வைப்பாரே, அதேபோல் தாடை தரையில்.

மேனேஜர் வெளிநாட்டுக்காரர்களிடம் இங்கிலீஷில் விளக்கினார். படிக்காதவன், அன்பினால் செய்துவிட்டான், இங்கே இப்படித்தான் என்றார். நெட்டையன் தலையாட்டிக்கொண்டே கேட்டார். மேஜைமேல் சாய்ந்து நின்று பார்த்தவர் அவர். யார் கையில் செம்பு இருந்தது என்று தெரிந்தவர், அந்த அறையில் யாருக்கும் பயப்படத் தேவையில்லாத ஒரே மனிதர். நான் அவரையே பார்த்தேன். ஒரு மாதமாக உன்னைத்தானே தொடர்ந்தேன், ஒரு வார்த்தை சொல்லேன் என்று பார்த்தேன். அவர் என் பார்வையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாவை ஒருமுறை பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அப்புறம் மாமாவை எழுப்பி, முதுகில் தட்டினார். தட்டிய கையை எடுக்கும்போது, கோல் முனைக்குத் தேய்க்கிற நீலச் சாக்கட்டித் தூளை அந்த வெள்ளைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். வேண்டுமென்று செய்யவில்லை. துடைக்க ஒன்று பக்கத்தில் இருந்தது.

முதலாளிக்குக் கோபம் இல்லை. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "என்ன ஒரு மனசு பாருங்க" என்றார். "இவன் என்ன, பெர்மனண்ட்தானே?"

மேனேஜர் சொன்னார்: "பண்ணிடலாம் சார். அதான் நானும் சொல்லலாம்னு இருந்தேன்."

செம்பைத் தொட்டிருந்தால் மாமாவுக்கு அன்றைக்கே வேலை போயிருக்கும். தொட்டதாகச் சொன்னதால் வேலை நிரந்தரமானது. இதை நான் பலவிதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் நாறுகிறது.

அன்று மத்தியானம் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நாங்கள் வீட்டுக்கு நடந்தோம். மாமாவின் முதுகில் நீல நிறத்தில் ஒரு கைத்தடம் நடந்துகொண்டிருந்தது.

"எதுக்கு மாமா அப்படிச் சொன்னீங்க? அந்தம்மா தெளிச்சதை ஊரே பாத்துச்சு."

"பாத்தவன் எவனாச்சும் வாயத் தொறந்தானா?"

"நான் தொறந்தேன்ல?"

"நீங்க தொறந்தா நீங்க பஸ் ஏறிப் பெரம்பலூர் போயிடுவீங்க மாப்ளே. நான் எங்க போறது?" ஒரு லாரிக்கு ஒதுங்கி நின்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆறு வருஷம் ஒழுங்கா வேலை பாத்ததுக்குக் கெடைக்கல. ஒரு நாள் செய்யாத தப்புக்குக் கெடச்சிருச்சு. விடுங்க. உங்க அக்காகிட்ட போயி மொதல்ல குழாயச் சொல்லுங்க."

சொன்னேன். அக்கா குடத்தைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். அன்றைக்கு ஆட்டுக்கறிக் குழம்பு. என் இலையில் அவள் அள்ளி அள்ளி வைத்தாள். கறி என் வாயில் நறநறத்தது. ரோஜா வாசனை மூக்கை விட்டுப் போகவில்லை. நான் வெளியே போய்க் கருவேல மரத்தடியில் எல்லாவற்றையும் கக்கிவிட்டு வந்தேன். வெயில் என்று சொன்னேன். அவள் மோர் கொண்டுவந்தாள்.

அதற்கப்புறம் நான் எந்த ஆட்டத்தையும் தொடர்ந்ததில்லை. எந்த ஆட்டக்காரனின் பெயரையும் கடைசிப் பக்கத்து மூலையில் தேடியதில்லை. ஆனால் நான் நினைத்த மாதிரி அது அங்கே முடியவில்லை.

மாமா அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். முதலில் டீக்கடையில், கேட்டவர்களுக்கு மட்டும். அப்புறம் கேட்காதவர்களுக்கும். செம்பை எப்படிப் பிடித்தேன், மணிக்கட்டை எப்படித் திருப்பினேன் என்று கையால் காட்டினார். ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கை இன்னும் அழகாகத் தெளித்தது. ஒருநாள் அவர் சொல்லும்போது நான் குறுக்கே சொல்லப் போனேன். அவர் என்னை நிஜமான குழப்பத்தோடு பார்த்தார். அந்தப் பார்வையில் மறைக்கிறதெல்லாம் ஒன்றும் இல்லை. அங்கே அந்த அம்மா இல்லவே இல்லை. அவரை மாமா துடைத்துவிட்டிருந்தார். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் அசிங்கமாக இருந்தது. அவர்கள் அவர் மேல் பொய்யைப் போட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அது அவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்திப்போனதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

குவார்ட்டர்ஸ் கிடைத்த அடுத்த வருஷம் அக்கா மகளுக்குக் காது குத்தினார்கள். கிளப்பில் அதற்குள் மேஜைக்குப் புதுத் துணி போட்டு, பழையதை மாமாவிடமே கொடுத்திருந்தார்கள். அதைத்தான் கூடத்தில் ஜமுக்காளமாக விரித்திருந்தார். "உக்காருங்க, உக்காருங்க, சீமைத் துணி" என்று வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்தார். உட்கார்ந்தவர்கள் ஒருமாதிரி நெளிந்து, தொடைக்கு அடியில் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். பின்கட்டில் குழாய் கொட்டுகிற சத்தம். அக்கா அதை மூடவே இல்லை, எல்லோரும் கேட்கட்டும் என்று. வாசலில் மாமா எவர்சில்வர் பன்னீர்ச் செம்போடு நின்றார். புதுச் செம்பு. வெள்ளைச் சட்டை.

கார் வந்து நின்றது. மேனேஜர் வீட்டு அம்மா இறங்கினார். அந்த வீட்டுக்கு அவர் வந்ததே பெரிய விஷயம். படியேறவில்லை. தண்ணீர் வேண்டாம் என்றார், பழமும் வேண்டாம் என்றார். குழந்தையின் தலையைத் தொடாமல், தொடுகிற மாதிரி கையை மேலே காட்டினார். மாமா குனிந்து, மணிக்கட்டைத் திருப்பி, இத்தனை நாள் பழகிய அந்த அழகோடு அவருக்குப் பன்னீர் தெளித்தார். துளி முகத்தில் பட்டதும் அந்த அம்மா சட்டென்று பின்வாங்கி, முந்தானையால் ஒற்றிக்கொண்டார். பிறகு சிரித்தார். உள்ளே உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்துச் சொன்னார்:

"இவருக்குப் பன்னீர்னா உசுரு. அன்னிக்கு மேட்ச்ல பாருங்க, நான் வேணாம் வேணாம்ங்கறேன், கேக்காம மேஜை பூரா தெளிச்சுட்டார். நான் பதறிட்டேன்."

பொய் சொல்கிற முகம் இல்லை. அவர் அதைக் கண்ணால் கண்டவராகச் சொன்னார்.

"ஆமாங்கம்மா" என்றார் மாமா. வெட்கத்தோடு, பெருமையோடு. "நீங்க அப்பவே சொன்னீங்க. நான்தான் கேக்கல."

கூடம் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். பின்கட்டில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு அடியில் உறுத்திய ஒரு புள்ளியைப் பச்சைத் துணியிலிருந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். நகம்தான் உடைந்தது. கார் கிளம்பிப் போகிற வரை சுரண்டிக்கொண்டே இருந்தேன். பிறகு மாமா செம்போடு உள்ளே வந்து, "மாப்ளைக்குத் தெளிக்கவே இல்லையே" என்று சொல்லி என் முகத்தில் தெளித்தார்.